அறிமுகத்தில் கடைசி ஆள்

மெல்லிசைக் கச்சேரியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. நாலைந்து பாட்டு முடிந்து கூட்டம் சூடு பிடித்ததும் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக் கலைஞர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்துவார். பெயரைச் சொன்னதும் அந்த ஆள் தன் வாத்தியத்தில் ஒரு நிமிடம் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். பாடுகிறவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு கும்பிடு போதும். தொண்ணூறுகளில் தொடங்கிப் பல வருடங்கள், செங்கல்பட்டிலிருந்து கடப்பாக்கம் வரைக்கும் திருவிழா திருவிழாவாக நான் அந்தக் கும்பிடைப் போட்டிருக்கிறேன். பகலில் கூடுவாஞ்சேரியில் ஒரு அலுவலகத்தில் டைப்பிஸ்ட், சாயங்காலம் மேடையில் பட்டுப்புடவை. இரண்டு இடத்திலும் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று பெயர்.

முதலில் பாடகர்கள், பிறகு கீபோர்டு, கிடார், தபலா, கடைசியில் டிரம்ஸ். கடைசியில் வைப்பது மரியாதைதான் என்று எங்கள் குழுத் தலைவர் சொல்வார். டிரம்ஸ் அடித்து முடித்த சூட்டோடு அடுத்த குத்துப்பாட்டுக்குள் போய்விடலாமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தபலா முடிகிற நேரம் பார்த்துத்தான் ஊர்ப் பெரிய மனிதர் யாராவது வந்து இறங்குவார். அவருக்குப் பொன்னாடை, அவர் கொண்டுவந்த ஆளுக்குப் பொன்னாடை, பந்தல் போட்டவருக்கு நன்றி, சீரியல் பல்பு போட்டவருக்கு நன்றி. எல்லாம் முடிந்ததும் அறிவிப்பாளர் “நேரம் கருதி” என்று ஆரம்பிப்பார். அந்த “நேரம் கருதி” எப்போதும் ஒரே ஆள் தலையில்தான் விழும். குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர், ஒன்றும் நடக்காதது போல அடுத்த பாட்டுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று குச்சியைத் தட்டி ஆரம்பித்துக் கொடுப்பார்.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு காலனியில் அவர் வீடு. அவருடைய அப்பா பறை அடித்தவர். ஊருக்குள் யார் செத்தாலும் கூப்பிட ஆள் வரும். காய்ச்சலில் கிடந்தாலும் எழுந்து போயே ஆக வேண்டும். அண்ணன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காலனியில் எல்லோரும் கூடி, இனி ஊர்ச் சாவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அதற்காக அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. அண்ணன் பிறகு சர்ச்சுப் பாட்டுக்குழுவுக்கு யாரோ கொடுத்த பழைய டிரம் செட்டில் உட்கார்ந்து தானாகவே பழகிக்கொண்டார்.

ஒருநாள் வேனில் போகும்போது சொன்னார்: “எங்கப்பன் கூப்ட்டா போயி அடிச்சான். அடிக்கிறவன் பேரு இன்னான்னு ஒருத்தனும் கேட்டதில்ல. நான் அடிச்சா, ‘எவன்டா அது’ன்னு கேக்கணும். அவ்ளோதாம்மா.”

அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். நாலு பேர் கேட்க மைக்கில் அவர் பெயர், அதன் பின்னால் ஒரு நிமிடம் அவர் கை. இதைக்கூடச் செய்ய முடியவில்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அறிவிப்பாளரிடம் சண்டைக்குப் போவேன். “டிரம்ஸை ஒருநாள் முதல்ல கூப்பிட்டா குடியா முழுகிடும்?” என்பேன். “முறைன்னு ஒண்ணு கீதும்மா, நீ பாட்ற வேலையப் பாரு” என்பார் அவர். நல்ல மனிதர்தான். முறையைக் கட்டிக்கொண்டு அழுகிற நல்ல மனிதர்.

பகலில் அண்ணன் மாமல்லபுரத்தில், வெள்ளைக்காரர்கள் தங்குகிற தெருவில், ஒரு ஓட்டலில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார். அங்கே தங்கிவிட்டுப் போகிறவர்கள் படித்த புத்தகத்தையும் கேட்ட கேசட்டையும் விட்டுவிட்டுப் போவது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தோழிகளோடு நான் கடற்கரைக்குப் போயிருந்தபோது, புகைக்கு நடுவிலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, இங்க வா. நம்மாளு ஒருத்தனக் காட்றேன்.”

கேசட்டின் அட்டை. கோட்டுப் போட்ட ஒரு கறுப்புப் பாடகர் கண்ணை மூடி, வாயைத் திறந்து, கையை விரித்து முன்னால் நிற்கிறார். அவருக்குப் பின்னால் டிரம்பெட் ஊதுகிறவர்கள். அவர்களுக்கும் பின்னால், சிம்பல் தட்டு பாதி முகத்தை மறைக்க, ஒரு கறுப்பு டிரம்மர். வியர்வையில் நெற்றி மின்னுகிறது. “பேரு போட்டுக்கீதா பாரு, உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே” என்றார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. பாட்டு எழுதியவர் பெயர் இருந்தது. படம் பிடித்தவர் பெயர்கூட இருந்தது. அந்த டிரம்மர் பெயரைக் காணோம்.

“நெனச்சேன்” என்று சிரித்தார். “கேசட்ட வச்சினு இருந்த வெள்ளைக்காரம்மாவக் கேட்டேன். அதுக்கும் தெரியலியாம். ஆனா கேளு, கையப் பாரு அந்தாளு கைய.”

ஓட்டலின் பழைய டேப் ரிக்கார்டரில் போட்டார். பெரிய டிரம்மின் அடி முதலில் நெஞ்சில் வந்து விழுந்தது. அதன் பிறகு பலமான அடிகளுக்கு நடுவே, அடித்தாரா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரி, குட்டிக் குட்டியாக அடிகள். அண்ணன் மீன் திருப்புகிற கரண்டியால் மேஜை விளிம்பில் கூடவே தட்டினார். “பாரு, சத்தமா பேசிகினே நடுவுல தனக்குத்தானே முணுமுணுக்கிறான். பாடறவன் கத்திகினு போறான், ஆனா நடத்திகினு போறது இவன்தான்.” அன்றைக்கு மீன் ஒரு பக்கம் தீய்ந்து, முதலாளியிடம் திட்டு வாங்கினார்.

அந்த முணுமுணுப்பை அடுத்த சித்திரையில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு குத்துப்பாட்டுக்கு நடுவே நுழைத்தார். ஒத்திகையில் அடிக்கவே இல்லை, நேராக மேடையில்தான். வழக்கமாகக் குதித்துக் குதித்து ஆடுகிற கூட்டம், நாலு வரி போனதும் குதிப்பதை நிறுத்தி இடுப்பால் ஆட ஆரம்பித்தது. வயதான ஒருவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குப் பாட்டு மறந்துபோய் இரண்டாவது சரணத்தையே இரண்டு தடவை பாடினேன். யாரும் கவனிக்கவில்லை. கீபோர்டில் இருந்த தலைவர் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் திரும்பி உட்கார்ந்து தன் டிரம்மரைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கும் “நேரம் கருதி”தான்.

அமெரிக்காவில் எந்த ஊரிலோ, பெயர் போடாத ஒரு கறுப்பர் அடித்தது, மலைக்கோயில் ஊரில் ஒரு பெரியவரைத் துண்டை இடுப்பில் கட்டி ஆட வைத்ததே என்று எனக்கு அப்போது வெறும் வேடிக்கையாக இருந்தது. அந்த அடி அதோடு எங்களுடையதாகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் “அந்த அடி” வேண்டும் என்பார்கள். அதிகாரிகள் குடியிருக்கிற டவுன்ஷிப் விழாக்களில் மட்டும், படித்தவர்கள் நிறைய, மெலடிதான் கேட்பார்கள், டிரம்ஸை அடக்கச் சொல்லி ஆள் அனுப்புவார்கள். அண்ணன் பெரிய டிரம்முக்குள் ஒரு தலையணையைத் திணித்துவிட்டு அதே அடியை மெதுவாக அடிப்பார். குடியிருப்போர் சங்கச் செயலாளரின் கால் தாளம் போடுவதைப் பார்த்து எனக்குக் கண்ணைக் காட்டுவார்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் தலைவர் ரிதம் பேட் வாங்கினார். சாப்பாட்டுத் தட்டு வைக்கிற அளவில் ஒரு பெட்டி, மேலே கட்டம் கட்டமாக ரப்பர். ஒரு கட்டத்தில் தட்டினால் தவில், இன்னொன்றில் தட்டினால் டிரம்ஸ். ஆனால் பெட்டியோடு வந்த டிரம்ஸ் சத்தம் எங்கள் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை. ஆடுகிறவர்கள் நின்று நின்று மேடையைப் பார்த்தார்கள். அதனால் தலைவர் அண்ணனையே கூப்பிட்டார். உன் சத்தத்தை இதில் ஏற்றிக் கொடு என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணனிடம் நேராகவே கேட்டேன். “உங்க வேலைக்கு நீங்களே ஆள் எடுத்துக் குடுக்கிறீங்களா?”

“பொட்டி தானா அடிக்குமா? அடிக்கிறவன் வேணும்ல. சத்தம்தான குடுக்கிறேன், கைய குடுக்கலியே” என்றார். அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது. வெளிநாட்டுப் பெட்டியின் சத்தத்தை விட்டுவிட்டு இவர் சத்தத்தைக் கேட்கிறார்கள். வாழ்க்கையில் அவரை அப்படி யாரும் தேடி வந்து கேட்டதில்லை.

செங்கல்பட்டில் தலைவர் வீட்டு மாடியில், ஒரு மதியம் முழுக்க அந்த வேலை நடந்தது. சுவரெல்லாம் கம்பளி. மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ரயில் போனால் நிறுத்த வேண்டும், கீழே குக்கர் விசில் அடித்தால் நிறுத்த வேண்டும். அண்ணன் பனியனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக் கொடுத்தார். கால் பெடலை மிதித்துப் பெரிய டிரம் ஓங்கி, பெரிய டிரம் மெதுவாக, குச்சியால் சின்ன டிரம்மான ஸ்னேர் நடுவில், ஸ்னேர் ஓரத்தில். பிறகு திருக்கழுக்குன்றத்து அடியை அப்படியே முழுசாக. “இது போதுமா, இன்னொண்ணு குடுக்கட்டா?” என்று அவரே கேட்டுக் கேட்டுக் கொடுத்தார். நான் அன்றைக்குப் பாட்டு ஒத்திகைக்காகப் போயிருந்தேன்.

அடுத்த முகூர்த்தத்திலேயே விளைவு தெரிந்துவிட்டது. டிரம் செட் வேனில் பாதி இடத்தை அடைக்கும். பேட் ஒரு தோள்பைக்குள் போய்விடும். பின் சீட்டில் தாராளமாக இடம் இருந்தது. வேன் திருக்கழுக்குன்றம் கூட்டுரோட்டில் நிற்காமல் போகப் பார்த்தது. அங்கே அண்ணன் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு நிற்கிறார். நான் போட்ட கத்தலில் டிரைவர் பயந்து பிரேக் போட்டார்.

மண்டபத்தில் அவருக்கு ஒரு டாம்பரினைக் கொடுத்தார்கள். பேட் வாசிக்கப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். தன் அடி வேறொருவர் குச்சியிலிருந்து வர, அண்ணன் பக்கத்தில் நின்று ஜில் ஜில் என்று ஆட்டினார். அறிமுகத்தில் அறிவிப்பாளர், அவருக்கே தெரியாமல் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன், “டிரம்ஸ்” என்று சொல்லிப் பேட் வாசித்தவர் பெயரைச் சொன்னார். அந்த ஆளும் சும்மா இருக்கவில்லை, ஒரு நிமிடம் தனியாக வாசித்தார். எல்லாம் அண்ணனின் சத்தம். அண்ணன் கைதட்டினார், மற்றவர்களோடு சேர்ந்து.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான் தலைவரிடம் போய் நின்றேன். “வேன் வாடகை யாரு குடுக்கிறது? கல்யாண மண்டபத்துல டிரம் செட் வைக்க எடம் குடுக்கறானா? எனக்கு மட்டும் ஆசையாம்மா?” என்று கத்தினார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அந்தக் குழுவை விட்டு நானும் விலகி, கூப்பிடுகிற குழுக்களுக்குப் போய்ப் பாட ஆரம்பித்தேன்.

சில வருடம் கழித்து ஒரு ஆடி மாதம், கடப்பாக்கத்தில் மீனவர் தெருவில் ஒரு கச்சேரி. குழு எனக்குப் புதிது, பேட் வாசிக்கிறவரும் புதிது. முதல் குத்துப்பாட்டு ஆரம்பித்ததும் என் முதுகு சிலிர்த்தது. அதே முணுமுணுப்பு. திரும்பிப் பார்த்தேன், அண்ணன் உட்கார்ந்திருப்பார் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன். பெட்டிதான் இருந்தது. இடைவேளையில் போய்க் கேட்டேன்.

“இந்த சவுண்டு பேரு செங்கல்பட்டு செட்டுக்கா. எல்லார்கிட்டயும் கீது. மதுராந்தகம், உத்திரமேரூரு, அந்தாண்ட புதுச்சேரி வரைக்கும் இதான் ஓடுது. நான் ஒரு பிரெண்டுகிட்ட காப்பி வாங்கினேன்.”

“யாரு அடிச்சது?”

“யாரும் அடிக்கலக்கா. மிஷின்ல வந்தது.”

நான் சொன்னேன். யார், எந்தக் காலனி, எந்த மாடியில் எப்படி அடித்தார், அந்த அடி எந்தக் கேசட்டிலிருந்து வந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கையில் வைத்தபடி கேட்டுவிட்டு, “அப்ப ஒண்ணு கேக்கறேன். பெரிய டிரம் தட்டும்போது முன்னால லேசா கீச்சுன்னு ஒரு சத்தம் வருது, அது இன்னா ஸ்டைலு? நாங்கல்லாம் அதான் இதுல விசேஷம்னு வுட்டு வச்சிக்கீறோம்” என்றார். ஹெட்போனைக் கொடுத்தார். தட்டச் சொல்லிக் கேட்டேன். பெடல். அண்ணனின் கால் பெடல். கடலோரக் கச்சேரிகளின் உப்புக் காற்றில் துருப்பிடித்த பெடல், அடி விழுவதற்கு முன்னால் முனகியிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது அவர் பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக இருந்தார். அவர் மனைவி அங்கன்வாடியில் ஆயா. காலையில் சீக்கிரம் கிளம்ப வேண்டியவர் என்பதால் கணவர் வாசித்து ஒரு கச்சேரியும் பார்த்ததில்லை. புருஷன் எதையோ தட்டிக்கொண்டு வயசைத் தொலைத்தார் என்பது அவருடைய கணக்கு. இருவரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். அண்ணன் துள்ளுவார், இல்லை அழுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

“பெடல் சத்தமா கேக்குது?” என்று எழுந்தே நின்றுவிட்டார். “அய்ய, அன்னிக்கு எண்ணெ போட மறந்துட்டேன் தங்கச்சி! ரெண்டு சொட்டு தேங்காண்ணெ! மதுராந்தகம் வரைக்கும் அதுவா கேக்குது? கேட்டவன் இன்னா நெனப்பான், இவனுக்கு ஒரு செட்டக்கூட ஒழுங்கா வச்சிக்கத் தெரியலன்னுல்ல நெனப்பான்?”

“அவங்களுக்கு நீங்க யாருன்னே தெரியாதுண்ணா. யாரு நெனக்கப் போறா?” என்றேன். சொன்ன பிறகுதான் அதன் கொடுமை எனக்கே உறைத்தது. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த வாரம் பெடலை மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்கே போயிருக்கிறார். அந்தச் சத்தத்தை மட்டும் திரும்ப அடித்துக் கொடுக்கிறேன், மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார். தலைவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். “எங்கன்னு போய் மாத்துறது? யார் யார்கிட்ட கீதுன்னு எனக்கே தெரியல. சொன்னேன். ‘சரி அண்ணாத்த’ன்னுட்டு, மாடியில கெடந்த பழைய டிரம்ல பெடல மாட்டி எனக்காக ஒருதபா அடிச்சிக் காட்டிட்டுப் போனான்” என்றார். அண்ணனுக்குக் கடைசியாகக் கிடைத்த தனி வாசிப்பு அது. கேட்டது ஒரே ஒருவர்.

மறு வருடம் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பழைய குழு முழுக்க வந்தது. தெருவில் சாமியானாப் பந்தல். சர்ச்சிலிருந்து ஆட்கள். தலைவர் வேனிலிருந்து ஸ்பீக்கரை இறக்கினார், பேட்டை இறக்கினார். கடப்பாக்கத்துப் பேட்காரருக்கு நான் சொல்லி அனுப்பியிருந்தேன், அவர் பஸ் பிடித்து வந்து குச்சிகளோடு நின்றார். பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தோம். எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை, பெயர் சொல்லி, அவர் அடியை அவருக்கே போடுவது என்று. பாஸ்டர் யோசித்துவிட்டுச் சரி என்றார்.

அறிவிப்பாளர் மைக்கை வாங்கினார். “டிரம்ஸ்” என்றார். நிறுத்தி, மூச்சு விட்டு, அண்ணனின் பெயரை, அப்பா பெயரோடு சேர்த்து, முழுசாகச் சொன்னார். தெரு முழுக்கக் கேட்டது. நான் உடைந்து அழுதேன். பேட்காரர் குச்சிகளை உயர்த்தினார்.

“வேணாம்” என்றார் அண்ணனின் மனைவி.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், சத்தம் போடாமல்தான் சொன்னார். பேட்காரர் அப்படியே நின்றார். நான் கிட்டே போய்க் குனிந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, அல்லது எங்கள்மேல் கோபம் என்று நினைத்தேன்.

“நீ சொன்னதுலேர்ந்து காது குடுத்துக் கேட்டுகினுதான் இருக்கேம்மா. கூழு ஊத்தறாங்களா, கல்யாணமா, ஸ்பீக்கர் போட்டா இவரு சத்தம்தான். வூட்ல படுத்துகினு கீறாரு, அங்க அடிச்சினு கீறாரு. கூப்ட்டவனுக்கெல்லாம் அடிச்சாச்சு. பேரு சொன்னீங்கல்ல, போதும். இன்னிக்கு ஒரு நாளு அவர வுடுங்க.”

பேட்காரர் குச்சிகளைப் பைக்குள் போட்டார். தலைவர் போய் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கினார். நாங்கள் அவரைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போனோம்.